ரக்வா ஓடையின் சுண்ணாம்பு

ரக்வா ஓடையில் நுக்துச் செடி இல்லை என்றது கோப்பு. அந்த மஞ்சள் பூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடை நடுவில் நிற்பவனிடமும் அது அதையேதான் சொல்லும். கோப்புக்குக் கண்ணா இருக்கிறது?

தெற்கு ஜோர்டானின் அந்தச் சின்ன ஊரில் உலர்செடிக் காப்பகத்தைப் பார்த்துக்கொள்பவள் வத்ஹா. ரக்வா அவள் குலத்தாரின் மேய்ச்சல் ஓடை. அதை உடைத்துக் கல்லெடுக்க ஒரு கம்பெனி மனுப் போட்டிருந்தது. நுக்து சட்டம் காக்கும் அரிய செடி; அது அங்கே முளைத்ததற்குப் பழைய பதிவு இருந்தால் ஓடை தப்பும். இன்று பறித்த செடி செல்லாது, நேற்று நட்டது என்பார்கள்.

காப்பகத்தில் நுக்து ஒட்டிய பத்தொன்பது தாள்கள் இருந்தன. நாற்பது வருடத்துக்கு முன் ஒரு வெளிநாட்டு அறிஞர் பறித்து ஒட்டியவை. எல்லாச் சீட்டிலும் 'கதீஃப் ஓடை, வழிகாட்டி சுவைலிம்' என்றிருந்தது. கதீஃபில் கருங்கல்லைத் தவிர வேறெதுவும் கிடையாது என்பது வத்ஹாவுக்குத் தெரியும். ஆனால் தாளிலிருந்த வேரில் ரக்வாவில் இருப்பதுபோல வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. நேரே சித்தப்பா சுவைலிமின் கூடாரத்துக்கு வண்டியை விட்டாள்.

"அந்த ஆள நெசமா எங்க கூட்டிட்டுப் போனீங்க சித்தப்பா?"

"ரக்வாவுக்குத்தான்." அவர் காப்பி ஊற்றுவதை நிறுத்தவில்லை. "பேரக் கேட்டான், கதீஃப்னு சொன்னேன். அந்த வருசம் நல்ல மழை, ரக்வால முழங்கால் அளவு புல்லு. மேய்ச்சல் எங்கன்னு வெளியாளுக்குச் சொல்றவன் ஆம்பளையா? உங்கப்பனும் பக்கத்துல இருந்து தலையாட்டினான்."

"நல்லா ஆட்டினாரு. அந்தப் பொய்யாலதான் இப்ப ஓடையே போகப்போகுது. வந்து சொல்லுங்க."

சுவைலிம் குவளையைக் கீழே வைத்தார். ஏழு கூடாரங்களின் வழக்கை அவர் ஒரு சொல்லால் தீர்த்தவர். சத்தியம்கூடக் கேட்க மாட்டார்கள். "ஊர் முன்னாடி நான் பொய்யன்னு நிக்கணுமா?"

"நிக்கணும்."

அங்கே வேலைநாளான ஞாயிற்றுக்கிழமை விசாரணை. அதிகாரி ஷவ்கத் சுவைலிம் சொன்ன கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். கம்பெனி ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

"அன்னைக்குப் பொய், இன்னைக்கு மட்டும் நெசமா பெரியவரே?"

"பொய் சொல்ற எண்ணம் இருந்தா இன்னைக்கு வாயத் தொறந்திருக்கவே மாட்டேன்," என்றார் சுவைலிம். "என் பேராவது மிஞ்சியிருக்கும்."

சிரிப்பு நின்றது. வத்ஹா மூன்று தேநீர்த் தட்டுகளை மேசையில் வைத்தாள். ஒன்றில் கதீஃப் மண், ஒன்றில் ரக்வா மண். மூன்றாவதில், தாளின் மூலையில் ஒட்டியிருந்த சின்ன உறையைத் திறந்து, நாற்பது வருடமாக வேரிலிருந்து உதிர்ந்த துகளைக் கொட்டினாள். ஷவ்கத்தின் தேநீருக்கு வைத்திருந்த எலுமிச்சைத் துண்டை, அவரிடம் கேட்காமலே எடுத்துப் பிழிந்தாள்.

கதீஃப் மண் நனைந்ததோடு சரி. ரக்வா மண் நுரைத்தது. வேர் மண்ணும் அப்படியே பொங்கி நுரைத்தது.

"இதையும் நேத்துதான் நட்டோமா சார்?" என்றாள்.

ஷவ்கத் கம்பெனியின் மனுவை மூடி ஓரமாகத் தள்ளினார். "பதிவைத் திருத்திக் கொண்டாங்க. ரக்வாவ விட்டுடறேன்."

காப்பகத்தில் பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது. பிழையும் இருக்க வேண்டும், அதன் கீழே திருத்தமும் இருக்க வேண்டும். வத்ஹா புதுச் சீட்டில் எழுதினாள்: 'இடம் ரக்வா. கதீஃப் என்றது தவறான தகவல்.'

படிக்கச் சொல்லிக் கேட்ட சுவைலிமுக்குக் கோபம் வந்துவிட்டது. "தவறான தகவலா? நான் என்ன வழி தெரியாத ஆளா? பொய்னு எழுது. மேய்ச்சலக் காப்பாத்த சுவைலிம் சொன்ன பொய்னு எழுது."

அப்படியே எழுதினாள். அவர் கட்டைவிரலை மையில் ஒற்றி, பத்தொன்பது தாளிலும் ஒவ்வொன்றாக அழுத்தினார்.