கட்சி இல்லாத கொடி

1

ஏசம்மாள் உடைமுள் புதருக்குள் கையை விட்டாள். முழங்கை வரை கீறியது. கையை எடுக்கவில்லை; இன்னும் உள்ளே விட்டாள்.

“மதினி, விடுங்க. காத்துல எங்கிட்டுப் போச்சோ.”

“எங்கிட்டுப் போயிரும்? ஒரு முழத் துணி. இந்த ரோட்டுலதான் கெடக்கணும். நீங்க அந்தப் பக்கம் பாருங்க தம்பி.”

செண்பகத்தோப்பு ரோட்டின் அந்தப் பக்கம் கௌதம்ராஜ் குனிந்து தேடினான். அவள் புருஷன் ஞானராஜை அடக்கம் செய்து மூன்று நாள் ஆகியிருந்தது.

“தையல் பிரிஞ்சுதான் கொடி பறந்திருக்கு. அவசரத்துல ஒத்தத் தையல்தான் போட்டேன். கொடி இருந்திருந்தா டிராக்டர்காரனுக்குத் தெரிஞ்சிருக்கும்லா? நானே கொன்னுட்டேன் தம்பி.”

(ஆளை ஓடவிட்டுவிட்டுக் காரணத்தைப் பிறகு சொல்வது வார இதழ்ப் பழக்கம். முப்பது வருடமாகத் தொடர்கதை எழுதும் நான் அதை இன்னும் விடவில்லை. இந்தக் கதை பிறந்ததும் அந்த முட்புதரில்தான். தன் தையல் புருஷனைக் கொன்றது என்று ஒரு பெண் நம்புகிறாள். அந்த நம்பிக்கையை அவளிடமிருந்து பிடுங்க வேண்டும். இந்தக் கதைக்கு வேறு வேலை கிடையாது.)

2

வேறு ஆரம்பங்களும் எழுதிப் பார்த்தேன்.

பிரேக் வயரை யாரோ அறுத்திருந்தார்கள். அது ஞானராஜுக்குத் தெரிய

யாரும் அறுக்கவில்லை. அடித்துவிட்டேன்.

டிராக்டர் டிரைவரின் கண்ணில் ஒரு குரூரம்

அதுவும் பொய். அந்த மனிதர் ரோட்டிலேயே உட்கார்ந்து, “ஆளையே பாக்கலயே, ஆளையே பாக்கலயே” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நாற்பது கொலை எழுதியவனுக்குக் கொலைகாரன் இல்லாத சாவை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

வண்டியிலிருந்து தொடங்குகிறேன்.

ஞானராஜ் பஞ்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். காதுக்குள் ஏதோ கோளாறு. திடீர் திடீரென்று தலை சுற்றும். இனி டூவீலரையும் சைக்கிளையும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு வருடம் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அப்போதுதான் போனில் ஒரு மூன்று சக்கர மிதிவண்டியின் வீடியோ வந்தது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. நடுவில் சாய்ந்து படுத்தபடி காலை முன்னே நீட்டி மிதிக்க வேண்டும். ராஜபாளையத்தில் கிரில் பட்டறை வைத்திருக்கும் முத்துப்பாண்டியிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

“அண்ணாச்சி, இது வண்டியா, ஈஸிசேரா?”

“ரெண்டுந்தாம்லே. இதுல கீழ விழ முடியாது. ஏற்கெனவே கீழதான கெடக்கோம்!”

புரட்டாசி பிறக்கும்போது வண்டி தயார்.

3

தொடர்கதையில் வானிலைக்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைக்காது. அதனால் புரட்டாசிக் காலை எப்படி இருக்கும் என்று நான் கவனித்ததே இல்லை. ஞானராஜ் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

வெயில் ஏறுவதற்கு முன்னால், முந்தின ராத்திரித் தூறலில் ரோடு கறுத்துக் கிடக்கும். தட்டான்கள் முகத்துக்கு நேரே பறக்கும். சைக்கிளில் போனால் ரோட்டைப் பார்க்க வேண்டும். இதில் சாய்ந்தால் கண் தானாக மலைக்குப் போகும். மேகம் இறங்கி மாந்தோப்பு வரைக்கும் வந்து நிற்கும். சரிவில் காலை எடுத்துவிட்டு ஓடவிடுவாராம். தனியாகச் சிரிப்பாராம்.

“ஆடு நேருக்கு நேரா பாக்குது. என்னைய சொந்தக்காரன்னு நெனைக்குது” என்றார் ஒருநாள்.

(அந்த ஒரு மாதம் அவருக்குத் தலை சுற்றவில்லை. கதைக்காகச் சொல்லவில்லை. ஏசம்மாள் சொன்னது.)

4

கொடி, முத்துப்பாண்டியின் யோசனை.

“தரையோட தரையாப் போறிய. பெரிய வண்டிக்காரனுக்குத் தெரியாது. ஆளுயரத்துக்கு ஒரு கொடி வேணும் அண்ணாச்சி.”

ஃபைபர் குச்சி நட்டாயிற்று. என்ன நிறம்?

சிவப்பு கட்டிப் போனார். “எந்த ஊர்ல மாநாடு?” மறுநாள் மஞ்சள். “அண்ணாச்சி எப்ப அவிய பக்கம் சாஞ்சிய?” பச்சை, நீலம், காவி எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. இரண்டு நிறம் சேர்த்தால் இன்னும் மோசம், சாதியைக் கேட்பார்கள்.*

ஏசம்மாள்தான் வழி கண்டுபிடித்தாள். “ஏங்க, பூப்போட்ட துணியில எவனும் கட்சி நடத்தல.” தன் பழைய நைட்டியை வெட்டினாள். ஆரஞ்சுத் தரையில் பெரிய பெரிய வெள்ளைப் பூ. தலையணை உறைபோல ஒரு ஓரத்தில் பை தைத்து, குச்சியில் மாட்டிவிட்டாள். அரை மைலுக்குத் தெரிந்தது.

* எங்கள் பக்கம் சும்மா ஒரு நிறம் என்று எதுவும் கிடையாது.

5

கௌதம்ராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவன்தான் எனக்குச் சரியாக அமையவில்லை. வயது நாற்பத்து — வேண்டாம். கெட்ட எண்ணம் பிடித்த — அதுவும் இல்லை. டீக்கடையில் நாலு பேர் சிரித்தால் போதும் அவனுக்கு. சிரித்த பிறகு நிறுத்தத் தெரியாது.

அன்று காலை ஞானராஜ் டீக்கடை முன்னால் பிரேக் பிடித்தார்.

“நகருங்க, நகருங்க! நைட்டி எக்ஸ்பிரஸ் வருது!” என்றான் கௌதம்ராஜ்.

கடையே சிரித்தது. ஞானராஜும் சிரித்தார். “சிரிங்கலே, சிரிங்க.”

“அண்ணாச்சி, மதினிக்கு மாத்துக்கு வேற இருக்கா, இல்ல இருந்த ஒண்ணையும் கொடியேத்திட்டியளா?”

ஞானராஜின் சிரிப்பு நின்றது.

[இங்கே ஒரு நிமிடத்தை எழுதி, அடித்திருக்கிறேன்.]

வண்டி செண்பகத்தோப்புப் பக்கம் கிளம்பியது. பத்து நிமிடத்தில், தென்னந்தோப்புக்குள்ளிருந்து டிராக்டர் ரோட்டில் ஏறியது.

6

முடிவு ஒன்று: தையல் பிரிந்தது. ஊரே நம்புகிறது. எனக்கு மாற்றி எழுத வேண்டிய வேலையே இல்லை.

முடிவு இரண்டு: தாழ்ந்த புளியங்கிளை ஒன்று கொடியைப் பிடுங்கிக்கொண்டது. இதைத்தான் முதலில் எழுதினேன். நன்றாகவே வந்தது. ஏசம்மாளுக்கும் நிம்மதி, கௌதம்ராஜுக்கும் நிம்மதி. மரத்தை யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. கிளை ஒடியும் சத்தம்கூட எழுதிவிட்டேன். பிறகு கிழித்தேன்.

மூன்றாவதை என்னால் எழுத முடியாது. படிப்பவர்தான் முடிக்க வேண்டும். இதழுக்கு அனுப்பும் முன் இந்தக் கையெழுத்துப் பிரதி ஒரே ஒரு வாசகரிடம் போகிறது. அது நீங்கள்தான், மதினி. இதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுப் பேசுவதும், இனி வாசலை மிதிக்காதே என்பதும் உங்கள் கையில்.

அடித்த நிமிடம் இது. அண்ணாச்சி கையைப் பின்னால் நீட்டிக் கொடியைக் குச்சியிலிருந்து உருவினார். “இந்தாரும், நீரே கட்டிக்கிடும்” என்று கையில் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மிதித்தார். கடையில் பார்த்த நாலு பேரும் இதுவரை உங்களிடம் சொல்லவில்லை.

கௌதம்ராஜ் என்று யாரும் இல்லை. அவர் திணித்தது என் கையில். மூன்று நாள் கழித்து முள்ளுக்குள் உங்களோடு தேடியவனும் நான்தான். கொடி அப்போது என் மேசை டிராயரில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், மதினி. தையலில் ஒரு இழைகூடப் பிரியவில்லை.