சூப்பர்வைசர் வீட்டு பாலிசி

என் வீட்டுக்காரர் நவீன்குமார் சாக வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு நூறு வயது ஆக வேண்டும். அப்போதுதான் அந்த ஆயுள் பாலிசியின் முழுப் பணமும் வருமாம். இந்த அழகான ஏற்பாட்டுக்கு வருஷத்துக்கு மூன்று மாதச் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். நான்கு வருஷம் கட்டியாயிற்று. ஐந்தாவது வருஷத்துக்கு என் வளையலை அடகு வைக்கலாமா என்று போன வாரம் கேட்டார். வந்த ஆத்திரத்தில் உலையில் இருந்த சாதத்தை வடிக்க மறந்து குழைத்துவிட்டேன்.

பாலிசியைப் போட்டுக் கொடுத்தவர் சுகுணா அக்கா, இவருடைய சூப்பர்வைசரின் மனைவி. ஓசூர் சிப்காட்டில் பைக்குக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி. இவர் அங்கே ஆறு வருஷமாகக் காண்ட்ராக்டில் மெஷின் ஓட்டுகிறார். அந்த லைனில் பெர்மனென்ட் ஆக ஆசைப்படுகிற அத்தனை பேரும் சுகுணா அக்காவிடம் ஆளுக்கொரு பாலிசி வைத்திருக்கிறார்கள். போடு என்று யாரும் சொல்லவில்லை. போடாமல் இருக்கத்தான் யாருக்கும் தைரியம் இல்லை.

"நிறுத்திட்டா சூப்பர்வைசர் சாரு என்ன நினைப்பாரு?" என்பார் இவர்.

"அவரு நினைக்கிறதுக்கு நான் ஏங்க வளையலக் கழட்டணும்?"

செகண்ட் ஷிப்ட் நாளாகப் பார்த்து, காலையிலேயே இன்சூரன்ஸ் ஆபீசுக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெண் எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவரிடம் தெலுங்கில் பேசி முடித்துவிட்டு, எங்களிடம் தமிழுக்கு மாறினார்.

"பாலிசிய முடிச்சு சரண்டர் பண்ணா, கட்டுனதுல பாதிக்குக் கொஞ்சம் மேல வரும். பாலிசி மேல லோன் எடுக்கலாம், வட்டி உண்டு. ரெண்டும் வேணாம்னா பெயிட்-அப் பண்ணிக்குங்க. இனிமே எதுவும் கட்ட வேணாம். பாலிசி இருக்கும், தொகை மட்டும் குறைஞ்சிடும்."

சரண்டர் என்றால் நஷ்டம், வேண்டாம் என்றார் இவர். லோன் வாங்கி அதே பாலிசிக்குக் கட்டுவதை நானே வேண்டாம் என்றேன். மிச்சம் இருந்தது பெயிட்-அப். எனக்கு அது சரியாகப்பட்டது.

"யோசிச்சு சொல்றோம் மேடம்" என்றார் இவர்.

"நாலு வருஷமா யோசிக்காமக் கட்டிட்டு, இப்ப என்னங்க யோசன?"

கவுண்டர் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, கையில் பாலிசி பத்திரத்தோடு முனிசாமி அண்ணன் உள்ளே வந்தார். இவரோடு ஒரே லைனில் வேலை பார்ப்பவர்.

"நவீனு, நீயும் வந்துட்டியா? நல்லதாப் போச்சு. லிஸ்ட்டுல நம்ம பேரு இல்லன்னு ஆனப்புறம் எதுக்குடா கட்டணும்?"

"எந்த லிஸ்ட்டுண்ணா?" என்றேன்.

"பெர்மனென்ட் லிஸ்ட்டும்மா. கம்பெனில ஒட்டி மூணு வாரம் ஆவுது. இனிமே காண்ட்ராக்ட்ல இருந்து யாரையும் எடுக்கறதில்லையாம்." இவர் முகத்தைப் பார்த்ததும் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஏன், சொல்லலியா?"

பதிலுக்கு நிற்காமல் அடுத்த கவுண்டருக்குப் போய்விட்டார்.

மூன்று வாரம். வளையலைக் கேட்டது போன வாரம்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டீங்களா?" ஆபீஸ் என்பதையும் மறந்து கத்திவிட்டேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் தலை குனிந்தபடி பத்திரத்தின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

"கட்டிக்கிட்டே இருந்தா என்னைக்காவது பெர்மனென்ட் வரும்னு இருக்குது. நிறுத்துனா, வராதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்டி."

அவரைத் திட்டுவதற்கு நான்கு வருஷத்துச் சமாசாரம் என்னிடம் இருந்தது. வந்தது என்னவோ அழுகைதான். அது வந்ததற்கும் சேர்த்து அவர்மேல்தான் கோபப்பட்டேன்.

பெயிட்-அப் ஃபாரத்தை வாங்கி நானே நிரப்பினேன். பாலிசி நம்பர், பெயர், விலாசம் எல்லாம் எழுதினேன். காரணம் என்று ஓர் இடம் இருந்தது. அங்கே என்ன எழுதுவதென்று தெரியாமல் நின்றேன்.

"குடும்பச் சூழ்நிலைன்னு போடுங்க. எல்லாரும் அதான் போடுவாங்க" என்றார் கவுண்டர் பெண்.

இவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். காரணம் என்ற இடத்தில் 'நான் காண்ட்ராக்ட் தொழிலாளி' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, ஃபாரத்தைக் கவுண்டருக்குள் தள்ளினார்.