பதில் சொல்லாத பெட்டி

ஏசியில் காற்று வரவில்லை என்றுதான் டிரைவர் சுடலைமணி அந்த டாக்சியைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஆனால் எதற்கு வந்த வண்டியானாலும் ஸ்கேனரை மாட்டி முழுசாக ஒரு தடவை பார்த்துவிடுவது என் பழக்கம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் பதினோரு வருஷமாக வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். பொம்பிளை கையில் வண்டியைக் கொடுப்பதா என்று திரும்பிப் போனவர்களும் உண்டு. அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

எஞ்சின் பதில் சொன்னது. பிரேக், ஸ்டீயரிங், மீட்டர் எல்லாம் பேசின. ஏர்பேக் பெட்டி மட்டும் வாயே திறக்கவில்லை. 'தொடர்பு இல்லை' என்று திரையில் வந்தது. வண்டி மோதினால் அந்த நொடியே உணர்ந்து காற்றுப்பையை விரிய வைக்கிற பெட்டி அது. அது செத்துக் கிடந்தால் மீட்டரில் சிவப்பு விளக்கு அணையாமல் எரிய வேண்டும். இந்த வண்டியில் எரியவில்லை.

எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் திருகிவிட்டுக் காத்திருந்தேன். நல்ல வண்டியில் அந்த விளக்கு சில நொடிகளில் தானாக அணையும். இதில் ஒரு நிமிஷம் ஆகியும் எரிந்துகொண்டே இருந்தது. எஞ்சினைக் கிளப்பினேன். ஆயில் விளக்கு அணைந்தது. கூடவே ஏர்பேக் விளக்கும் அணைந்தது. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் இரண்டும் ஒன்றாகவே அணைந்தன. யாரோ மீட்டரைப் பிரித்து இந்த விளக்கை ஆயில் விளக்கோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

"மீட்டர யாருலே கழட்டுனா?"

"போன மாசம் மொதலாளி எங்கனயோ கொண்டுட்டுப் போனாவக்கா. வெளிச்சம் கம்மியா இருக்குன்னாவ. ஏன்?"

பேட்டரி ஒயரைக் கழற்றி, கொஞ்ச நேரம் பொறுத்து, கியர் பக்கத்துப் பிளாஸ்டிக்கைப் பிரித்தேன். கார்ப்பெட்டைத் தூக்கியதும் நல்லெண்ணெய் வாடை அடித்தது. சாரல் பிடித்த நாளிலிருந்து, எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றவர்கள் எல்லாம் ஈரத்தோடே ஏறி உட்கார்ந்து ஒழுகவிட்ட தண்ணீர். அந்த வாடை போகட்டும் என்று உள்ளேயே குழாயை விட்டுக் கழுவிய தண்ணீர் வேறு. அவ்வளவுக்கும் நடுவில் அந்தப் பெட்டி உட்கார்ந்திருந்தது. பின்களில் பச்சை பூத்திருந்தது. எர்த் ஒயரைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது.

இவ்வளவுதான் கோளாறு. சுத்தம் செய்து புது எர்த் கொடுத்தால் பெட்டி பேசிவிடும், அரை நாள் வேலை. அதற்கு ஆளைத் தேடாமல் விளக்கை ஏமாற்ற ஆளைத் தேடியிருக்கிறார் முதலாளி.

வண்டி முதலாளி நயினார் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். கை முழுக்க அழுக்கு என்பதால் ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஆமாம்மா, நாந்தான் செய்யச் சொன்னேன்," என்றார், கூச்சமே இல்லாமல். "செவப்பு வெளக்கப் பாத்தா ஏற மாட்டேங்காவ. சீசன்ல வண்டிய நிப்பாட்டச் சொல்லுதியா?"

"ஓட்டுதவன்ட்ட சொன்னியளா?"

"அவன்ட்ட எதுக்கு? சொன்னா எடுக்க மாட்டேன்னு நிப்பான்."

அவன் என் பக்கத்தில்தான் நின்றான். முகம் வெளுத்துப்போயிற்று. புளியரை மலை வளைவுகளில் தினமும் ஏறி இறங்குகிறவன். போன மாதம் மகளுக்குக் காது குத்து என்று எனக்குப் பத்திரிகை வைத்தவன்.

"நீங்கள்லாம் மனுசனா அண்ணாச்சி?" என்று கத்தினேன். எதிர் டீக்கடையில் எல்லோரும் திரும்பினார்கள். "ஆபத்துன்னு சொல்லத்தான அந்த வெளக்கு இருக்கு? அது வாயப் பொத்திட்டு இவன மலையில அனுப்புதியளே! இவன் நெஞ்சு ஸ்டீயரிங்ல போயி அடிச்சா மாலைய வாங்கிட்டு வருவியளா? அந்த வேலையச் செஞ்சு குடுத்தானே, அவனுக்கு மனசாட்சி வேண்டாம்? காசு குடுத்தா எதையும் செஞ்சிருவானா?"

நான் மூச்சு வாங்கிய நேரத்தில் சுடலைமணி குனிந்து, டிரைவர் சீட் பெல்ட்டைச் செருகுகிற இடத்திலிருந்து எதையோ உருவினான். என் உள்ளங்கையில் வைத்தான். ஒரு சின்ன இரும்புக் கிளிப். பெல்ட் போடாவிட்டால் வண்டி கூவும். இதைச் செருகிவிட்டால், பெல்ட் போட்டதாக நினைத்துச் சும்மா இருந்துவிடும்.

"பெல்ட்டும் போடதில்லையாலே நீ?"

"கழுத்த அறுக்குக்கா. ஏர்பேக்குதான் இருக்கேன்னு விட்டுட்டேன்."

பையும் இல்லை, பெல்ட்டும் இல்லை. இரண்டும் இல்லாமல் இந்த ஒரு மாதமாக மலை ஏறியிருக்கிறான். அவனைத் திட்ட வாயைத் திறந்தேன்.

"கோவப்படாதீங்க," என்றான் மெதுவாக. "போன தீவாளிக்கு இத உங்ககிட்டதான் வாங்குனேன். ஏர்பேக் இருக்கும்போது பெல்ட் எதுக்குன்னு கேட்டேன். நீங்க சிரிச்சிய."

திரும்பிப் பார்த்தேன். கல்லாவுக்கு மேலே, சென்ட் பாட்டில்களுக்கும் சாவிக்கொத்துகளுக்கும் நடுவில், அதே கிளிப்புகள் ஒரு அட்டை நிறையத் தொங்கின. கேட்பவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். யார் யாருக்கு என்றுகூட ஞாபகம் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மீட்டரைப் பிரித்தவனை நான் கேட்ட ஒவ்வொரு வார்த்தையும் என் காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்?" என்றார் அண்ணாச்சி போனில்.

அட்டையோடு பிடுங்கிப் பழைய இரும்பு வாளியில் போட்டேன். "வண்டி இன்னைக்கு வராது அண்ணாச்சி. அந்தப் பெட்டி பேசணும், வெளக்கு தன்னால அணையணும். அதுவரைக்கும் சாவி எங்கிட்டதான் இருக்கும்."

"என் வண்டிய நிப்பாட்ட நீ யாரு?"

"இவன் பெல்ட்டக் கழட்டுனவ," என்றேன்.