மூன்று பிறைத் தாள்

"மூணு பிறை தெரியுதே. அப்ப இது நம்ம ஆளுக செஞ்ச தாளா?"

"இல்ல மச்சான். வெனிஸ் பக்கம் செஞ்சது. இத்தாலியில."

"வெள்ளைக்காரன் தாள்ல பிறை எதுக்கு புள்ள?"

"வாங்குறவங்க துருக்கியிலயும் அரபு நாட்டுலயும் இருந்தாங்க. அவங்களுக்குப் பிடிக்கணும்ல. அங்கன இருந்து கப்பலேறி நம்ம கீழக்கரைக்கும் வந்துருக்கு."

"பிறையைப் போட்டு வித்துருக்கானா? கெட்டிக்கார யாவாரி. அவனுக்கு நம்ம ஊருலயே ஒரு பொண்ணப் பார்த்துக் கட்டி வச்சிருக்கலாம்."

கல்யாணமான மூன்றாவது வாரத்தில் நடந்த பேச்சு இது. மாஷிதாவுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து முடித்திருந்தாள். வீட்டிலிருந்த, நபிகள் புகழ் பாடும் பழைய மௌலூது ஏட்டின் ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தாள் செய்யும்போதே உள்ளே பதிந்து நிழல்போலத் தெரியும் அச்சைப் புது மாப்பிள்ளை சஃபீருக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய உம்மா தாஜுன்னிசா அந்தப் பிறைகளைப் பார்த்து, அது மக்காவிலிருந்து வந்த தாள் என்று வாழ்நாள் முழுக்க நம்பியிருந்தார். கைகால் முகம் கழுவி ஒளு செய்யாமல் அதைத் தொட மாட்டார். "இத்தாலி கித்தாலின்னு சொல்லி இருக்குற பரக்கத்தக் கெடுக்காதம்மா" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. சஃபீர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். தோள் குலுங்க அவன் சிரித்த அந்தச் சிரிப்பில்தான் மாஷிதாவுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போன இருபதாம் நாள் அவன் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறினான்.

அது முதல் சபர். பிழைப்புக்காகக் கடல் கடந்து போவதை அந்த ஊரில் சபர் என்றுதான் சொல்வார்கள். வீட்டில் எது எப்போது நடந்தது என்பதற்கும் அதுதான் அடையாளம். மகள் ஜஸீலா பிறந்தது இரண்டாவது சபரில். மாஷிதாவின் வாப்பா மௌத்தாகி அடக்கமானது மூன்றாவதில். மாடியில் தண்ணீர்த்தொட்டி கட்டியது ஐந்தாவதில். ஆண்டும் மாதமும் கேட்டால் யோசிக்க வேண்டும்; சபரைக் கேட்டால் உடனே சொல்லிவிடலாம்.

பதினான்கு வருஷத்தில் ஏழு சபர் முடிந்துவிட்டது. ஷார்ஜாவில் மின்சாமான் கிடங்கு ஒன்றில் சஃபீர் ஸ்டோர் கீப்பர். இரண்டு மாத லீவில் வந்தவனுக்கு இந்தச் சனிக்கிழமை மதுரையில் விமானம். இன்று வியாழன்.

போக வேண்டாம் என்று அவனிடம் கேட்க வேண்டும். மாஷிதா மனதில் இருந்தது இந்த ஒன்றுதான். முதல் சபரிலிருந்தே இருந்தது.

கேட்காததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சபருக்குக் கிளம்புகிறவரைப் போகாதே என்று வாசல் மறிப்பது அந்த வீட்டுப் பெண்களுக்கு வழக்கமில்லை. கொழும்புக்குப் போனவர்களையும் பினாங்குக்குப் போனவர்களையும் நல்லபடி திரும்பி வரத் துஆச் செய்து அனுப்பித்தான் பழக்கம். அதுகூடப் பெரிதில்லை. லீவு முடியப் போகிற வாரத்தில் சஃபீருக்கு ஒரு சுறுசுறுப்பு வந்துவிடும். தானே பெட்டி கட்டுவான், கயிறு தேடுவான், எடை பார்ப்பான், பாட்டுப் பாடுவான். அவனுக்கு அங்கே இருக்கத்தான் பிடித்திருக்கிறது என்று மாஷிதா முடிவு செய்திருந்தாள். போக ஆசைப்படுகிறவனை இழுத்து வைத்து என்ன செய்வது?

போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவனே சொன்னான். "நம்ம கூட்டாளி முஹைதீன், ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்துல குளிர்கிடங்கு போட்டுருக்கான். எறால் ஏத்துமதி. ஸ்டோர் பார்க்க நம்பிக்கையான ஆளு வேணுமாம். என்னையக் கேக்குறான்."

இருந்துருங்க என்று அப்போதே சொல்லியிருக்கலாம் மாஷிதா. "உங்க இஷ்டம் மச்சான்" என்று மட்டும் சொன்னாள்.

"ம்" என்றான் அவன். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னான். முஹைதீனுக்கு நாளை ஜும்ஆத் தொழுகைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதைப் பற்றி அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை.

மாஷிதாவுக்கும் நாளைதான் கெடு. சில வருஷங்களுக்கு முன்னால் கீழக்கரைப் பிரதிகளைப் பார்க்க இத்தாலியிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். எழுத்தை விட்டுவிட்டுத் தாளை ஆராய்ந்துகொண்டிருந்த மாஷிதாவை அவருக்குப் பிடித்துவிட்டது. ஊருக்குப் போய் ஒரு வேலை அனுப்பினார். முன்னூறு வருஷத்துக்கு முன்னால், பரோக் என்று சொல்லும் இசைக்காலத்தில், வெனிஸில் வாழ்ந்த ஜாக்கோமோ ஸனெட்டி என்ற இசையமைப்பாளரின் படைப்புகளுக்குக் காலம் குறிக்கிற வேலை. அதே மூன்று பிறைத் தாளில்தான் அவரும் எழுதியிருந்தார். எதிலும் தேதி போடவில்லை. விளக்கொளியில் படமெடுத்த தாள்கள் கணினியில் வந்துகொண்டே இருந்தன. மாஷிதாவுக்கு அந்த இசையைப் படிக்கத் தெரியாது. தாளைப் படிக்கத் தெரியும்.

நூற்றுப் பதினோரு படைப்புகளுக்குக் காலம் குறித்தாயிற்று. கடைசி ஒன்பதில் வந்து தட்டி நின்றது. சொனாட்டா என்று சொல்லும் வயலின் இசைக்கோவைகள் ஒன்பது.

"மாஷிதா, அந்த மார்க்கர் பேனாவ எங்க வச்ச? பெட்டியில பேரு எழுதணும்" என்றபடி கூடத்திலிருந்து சஃபீர் வந்தான். கையில் எடை பார்க்கும் தராசு. பின்னாலேயே தாஜுன்னிசா ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

"மாப்பிள்ள, நஃபீசா வீட்டுல குடுத்து விட்டுருக்கு. அங்க இருக்குற அவ மகனுக்கு. ஒரு கிலோதான்."

சஃபீர் வாங்கித் தராசில் வைத்தான். "ரெண்டே கால் மாமி. என்ன இது?"

"கருவாடு."

"நான் ஏறுற பிளேன்ல வேற யாரும் ஏற மாட்டாங்க மாமி."

"ஏழு சுத்து சுத்திருக்கு, மணக்காது" என்று சொல்லிவிட்டுத் தாஜுன்னிசா மீன்காரி குரல் கேட்டு வாசலுக்குப் போனார்.

சஃபீர் மாஷிதாவின் முகத்தைப் பார்த்தான். "ஏன் புள்ள இப்படி உக்காந்துருக்க? ஸனெட்டி பாய் இன்னும் பிடி குடுக்கலையா?"

ஸனெட்டியை அவன் பாய் ஆக்கி ரொம்ப நாளாயிற்று. மாஷிதா நாற்காலியைத் தள்ளி அவனுக்கு இடம் விட்டாள்.

"இங்க பாருங்க. இவரு ஆயிரத்து எழுநூத்துப் பதினேழுல வெனிஸ விட்டு பிராகுங்குற ஊருக்குப் போறாரு. ஒரு பிரபுகிட்ட வேலை. ஏழு வருஷம் கழிச்சுத்தான் வெனிஸுக்குத் திரும்புறாரு. பிராகுல எழுதுனதெல்லாம் அந்த ஊருத் தாளு. உள்ள கழுகு இருக்கும்."

"சரி."

"ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி ஒரு குறி போடுறாருல்ல, வெனிஸ்ல இருந்தப்ப அதை ரெண்டு இழுப்பா போடுவாரு. பிராகுக்குப் போன ரெண்டாம் வருஷத்துல இருந்து ஒரே சுழியாப் போட ஆரம்பிச்சாரு. கழுகுத் தாள்ல அது வரிசையாத் தெரியுது. ஆனா இந்த ஒம்பதும் பிறைத் தாளு. பிறைக்குக் கீழ தாள் செஞ்சவன் போட்ட எழுத்தும் பதினேழாம் வருஷத்தோட நின்னுபோன எழுத்து. தாளப் பார்த்தா ஊருல இருக்கும்போதே எழுதிட்டாரு. குறியப் பார்த்தா ஒரே சுழி. போனதுக்கு அப்புறம்தான் எழுதிருக்கணும். நான் பதினேழுன்னே போட்டுட்டேன். மனசு ஒப்பல."

சஃபீர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான். பிறகு கூடத்தில் திறந்து கிடந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தான்.

"ஊருத் தாளுல எழுதினா ஊருலதான் எழுதினாருன்னு யாரு சொன்னா?"

"பின்ன?"

"சபர் போறவன் பெட்டியில என்ன இருக்கும்? அந்தப் பெட்டியில இருக்குறதப் பாரு. ஓட்டுமாவு, தேங்காப்பால்ல கிண்டுன தொதல் அல்வா, மாசித்துண்டு, நஃபீசா லாத்தா கருவாடு. ஷார்ஜாவுல என் ரூமுக்கு வந்து பார்த்தா நான் கீழக்கரையில இருக்கேன்னு நெனப்ப. இங்கன வந்து நம்ம வீட்டப் பார்த்தா, சோப்பு, போர்வை, டார்ச் லைட்டு, நான் ஷார்ஜாவுல இருக்கேன்னு நெனப்ப. ஒரு கட்டுத் தாள பெட்டிக்குள்ள வச்சிக் கொண்டுபோயிருப்பாரு புள்ள."

மாஷிதாவும் அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். ஏழு தடவை அவன் பெட்டி கட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். உலகத்தில் எந்த நிபுணருக்கும் இல்லாத இந்த அனுபவம் கையிலேயே இருந்தும் யோசிக்காமல் போய்விட்டாளே.

"அப்ப மத்ததுக்கெல்லாம் ஏன் கழுகுத் தாளு?"

"முதலாளி வேலைக்கு முதலாளி தாளு. கிடங்குச் சீட்டெல்லாம் கம்பெனிப் பேனாவுலதான் எழுதுவேன். உனக்குக் கடுதாசி எழுதின காலத்துல, இங்கன வாங்கிட்டுப் போன பேனாவுல எழுதுவேன். இந்த ஒம்பதும் யாரு கேட்டு எழுதினது?"

யாரும் கேட்கவில்லை. அந்த ஒன்பதில்தான் பிரபுவின் பெயரே இல்லை. இத்தாலிக்கார அம்மா அதை ஒரு புதிர் என்று எழுதியிருந்தார்.

"சரி, அந்த ஏழு வருஷத்துல எதை முதல்ல எழுதினாரு, எதைக் கடைசியா எழுதினாருன்னு எப்படிச் சொல்றது?" என்று மாஷிதா தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

"எதுல நெருக்கி எழுதிருக்காருன்னு பாரு."

"ஏன்?"

"தீரப் போகுதுல்ல. ஸ்டோர் கீப்பர்கிட்ட கேளு. கட்டு முழுசா இருக்கும்போது தாராளமாத்தான் வரும் கை."

அவள் ஒன்பதையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தாள். ஒன்றில் பக்கத்துக்குப் பத்து வரி, நாலு பக்கமும் அகலமாக ஓரம் விட்டிருந்தது. இன்னொன்றில் பன்னிரண்டு வரி. இன்னொன்றில் ஓரமே இல்லை. அடியில் மீந்த இடத்தில் கையால் கோடிழுத்துப் பதினான்காவது வரியும் சேர்த்திருந்தார். முகப்புத் தாளின் பின்பக்கத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. நெருக்கம் கூடக் கூட, அந்த ஒரே சுழியும் ஒடுங்கிச் சிறுத்துக்கொண்டே வந்தது. இரண்டும் ஒரே வரிசையில் ஒத்துப்போயின.

"மச்சான், இது சரியா வருது. எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

"தொதல்தான்" என்றான் சஃபீர்.

"தொதலா?"

"போன புதுசுல ரூம்ல எல்லாத்துக்கும் கட்டி கட்டியா அறுத்துக் குடுப்பேன். ரெண்டு மாசத்துல விரல் அகலம். அப்புறம் ஃப்ரிட்ஜ்ல எம்பேரு எழுதி ஒளிச்சு வச்சிருவேன். ஜும்ஆ தொழுதுட்டு வந்து நகத்தளவு. கடைசி நாலஞ்சு மாசம் டப்பாவத் தொறந்து மோந்து பார்க்குறதோட சரி. ரூம்ல சிரிப்பானுக."

"ஒரு வார்த்தை சொல்லிருந்தா யாருகிட்டயாவது குடுத்து விட்டுருப்பேனே. மாசம் ஒருத்தரு போறாங்க நம்ம தெருவுல."

"வேணாம்னுதான் சொல்லல." அவன் தராசின் முள்ளைத் திருகிக்கொண்டிருந்தான். "புது டப்பா வந்தா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்ச மாதிரி ஆயிரும். ஒரு சபருக்கு ஒரு டப்பா. அது கொறையக் கொறைய ஊருக்கு நாளு நெருங்குதுன்னு அர்த்தம். சுவத்துல காலண்டர் தொங்குச்சு, ஆனா நான் அதப் பார்த்ததில்ல."

மாஷிதா அவனையே பார்த்தாள். முன்நெற்றியில் நரை வந்திருந்தது. அது எந்தச் சபரில் வந்தது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"பெட்டி கட்டுறப்ப பாட்டெல்லாம் பாடுவீங்களே" என்றாள். "போறதுல உங்களுக்குச் சந்தோஷம்னுல நான் நெனச்சேன்."

"வேற என்ன செய்யச் சொல்ற? அழுதுக்கிட்டே கட்டுனா எடை கூடிரும்."

அவன் சிரித்தான். தோள் குலுங்கவில்லை. சிரித்தபடியே எழுந்து போய் அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கருவாட்டுப் பொட்டலத்தை எந்த மூலையில் செருகலாம் என்று பார்க்கத் தொடங்கினான். வாசலில் தாஜுன்னிசா பாறை மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். வெள்ளாட்டங்கறி விலையா சொல்ற நீ என்று அவர் மீன்காரியைக் கேட்பதும், கடலுக்கு நீயே போயிட்டு வா என்று அவள் திருப்பிக் கொடுப்பதும் உள்ளே கேட்டன.

மாஷிதா ஒன்பது சொனாட்டாக்களுக்கும் எதிரே இருந்த பதினேழு என்ற எண்ணை அழித்தாள். புதிய வருஷங்களை இன்னும் எழுதவில்லை. எழுந்து கூடத்துக்கு வந்தாள்.

"மார்க்கர் கெடச்சுதா?" என்று அவன் தலை நிமிராமல் கையை நீட்டினான்.

மார்க்கர் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அவள் எடுத்துவரவில்லை. அவனுக்கு எதிரே, பெட்டிக்கு இந்தப் பக்கமாகத் தரையில் உட்கார்ந்தாள். அவன் செருகிய பொட்டலத்தை வெளியே எடுத்து வைத்தாள். ஓட்டுமாவுப் பையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். அவன் இப்போது நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன புள்ள, எடை கூடிருச்சா?"

"இல்ல."

"பின்ன?"

வாசலில் பேரம் படிந்துவிட்டது. உம்மா எந்த நேரமும் உள்ளே வந்துவிடுவார். வந்தால் வரட்டும் என்று இருந்தது மாஷிதாவுக்கு. அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மச்சான், நீங்க போக வேணாம். முஹைதீன் அண்ணனுக்குச் சரின்னு சொல்லிருங்க. எங்க கூடவே இருங்க."