பூஜையில் உட்கார்ந்த வால்வு

எனக்குக் கோபமே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அக்காவிடம் மூன்று வருஷம் பேசாமல் இருந்தவள் நான். அவள் மகள் கல்யாணத்தில் என்னைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தாள். சொந்தத் தங்கச்சிக்குக் கிடைத்தது தண்ணி ரசமும் நமத்துப்போன அப்பளமும். அன்றைக்கு அக்காவின் ஊரான கேரி தீவிலிருந்து செந்தூலில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியவள், பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள், அக்கா நல்லம்மாள் போன் பண்ணினாள். "நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு வெளக்கேத்துறேன். வந்தா வா. வரலன்னா இத்தோட சரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"ம்க்கும், போறாங்களாம்!" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொல்லிவிட்டுப் பச்சைப் பட்டுப்புடவையை எடுத்து இஸ்திரி போட்டேன். அவர் நியூஸ்பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். பேசினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

எங்கள் காரோ சிவப்பு விளக்கைக் கண்டாலே மயக்கம் போட்டு விழுந்துகொண்டிருந்தது. ஜப்பானிலிருந்து வந்த பழைய கார். ஓடும் வரை ஓடும். நிறுத்தினால் குலுங்கிக் குலுங்கி அணைந்துவிடும். செந்தூலிலிருந்து கிள்ளான் தாண்டிக் கேரி தீவு போய்ச் சேர எத்தனை சிவப்பு விளக்கு என்று எண்ணிப் பாருங்கள்.

என் வீட்டுக்காரர் இராமலிங்கம் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். "ரயில் எஞ்சினையே பிரிச்சுப் போடுறவன் நான். இதெல்லாம் ஒரு வேலையா லா?" என்று காலையிலேயே பானெட்டைத் திறந்தார். வெளியே போக வேண்டிய புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி ஊட்டுகிற வால்வு ஒன்று இருக்கிறதாம். ஊர்க்காற்று கெடாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. அது கரி அடைத்து, மூட முடியாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறதாம். விட்ட புகையையே ஓயாமல் தின்றால் எந்த எஞ்சினுக்குத்தான் மயக்கம் வராது?

கழற்றிக் கொண்டுவந்தார். ஒரு பெரிய காளான் மாதிரி இருந்தது. கூடத்தில் நியூஸ்பேப்பரை விரித்து, மண்ணெண்ணெய் ஊற்றி, அரை மணி நேரம் தேய் தேய் என்று தேய்த்தார். எதைக் கொண்டு தேய்த்தார் தெரியுமா? என் பல் விளக்கும் பிரஷ்ஷைக் கொண்டு! அதற்கு நான் போட்ட சத்தத்தில்தான் அந்த வால்வு பளபளப்பானது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். பிறகு அதைக் காய வைத்துவிட்டு, அடியில் வைக்கிற காஸ்கெட் வாங்கக் கடைக்குப் போனார்.

பூஜை வேலை முழுக்க என் தலையில். பன்னிரண்டு மணிக்குள் முடிக்க வேண்டும். ஸ்பானர், சுத்தியல், அரிவாள்மனை, கத்தரிக்கோல், என் தையல் மிஷின் என்று ஆயுதங்களையெல்லாம் வாரிக்கொண்டு வந்து சாமிக்கு முன்னால் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தேன். அவர் குளித்துவிட்டு வந்ததும் சூடத்தைக் கொளுத்தினேன். கண்ணை மூடிக் கும்பிட்டவர் கண்ணைத் திறந்தார். திறந்த வாயை மூடவில்லை.

"அடிப்பாவி! அது என்னாடி நடுவுல?"

நடுவில், அம்மனுக்கு நேர் எதிரே, செம்பருத்திப் பூ வைத்துக்கொண்டு வால்வு உட்கார்ந்திருந்தது. காலையில் கரியாய்ப் பார்த்தது இப்போது பளபளவென்று இருந்ததால் அடையாளம் தெரியாமல், பட்டறைச் சாமான் என்று நினைத்து நான்தான் வைத்தேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை தொடக்கூடாது. எங்கள் அம்மா போட்ட சட்டம். அம்மா போனபிறகும் அக்காவும் நானும் அதிலிருந்து இம்மி பிசகியதில்லை.

"எடுத்துத்தா, மாட்டிட்டுக் கெளம்புவோம்" என்றார்.

"தொட்டீங்க, நடக்கிறது வேற!"

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தார். "சரி. போன வருஷம் இதே நாள்ல குழாய் ஒடைஞ்சுச்சே, ஞாபகம் இருக்கா? ஒரே ஒரு ஸ்பானர் கேட்டேன். குடுத்தியா? சாமி குத்தம்னு சொல்லி, சாயங்காலம் வரைக்கும் என்னைய வாளியில தண்ணி அள்ள வச்சியே. இப்ப நீயே சொல்லு. எடுக்கவா, வேணாமா?"

அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் விளக்கினேன். விளக்கியதையே மறுபடி விளக்கினேன். பஸ்ஸில் போனால் தீவு போய்ச் சேர ராத்திரியாகிவிடும். அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பது கண்ணிலேயே இருந்தது. நான் போகாவிட்டால் இனி அவள் கூப்பிட மாட்டாள். கூப்பிடாமல் போகிற அளவுக்கு எனக்கு ரோஷம் குறைவு இல்லை. அப்படியே இரண்டு கிழவிகளாகிச் சாக வேண்டியதுதான். மணி மூன்றானது. மூன்றரையானது.

நாலு மணிக்குக் கையைத் துடைத்துக்கொண்டு சாமி முன்னால் போய் நின்றேன். "தாயே, தப்புத்தான். நாளைக்கு வந்து எவ்வளவு வேணும்னாலும் திட்டு வாங்கிக்கிறேன். அக்கா கூப்பிட்டிருக்கா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு வால்வை எடுத்தேன்.

"ஸ்பானர்?" என்றார்.

"அதத் தொடாதீங்க! ஒரு பாவம் போதும்."

அடுத்த வீட்டு மலாய்க்காரரிடம் ஓடினேன். "பாக் ஹாஷிம், ஸ்பானர் பிஞ்சாம், போலே?" என்று கேட்டு இரவல் வாங்கி வந்தேன். அந்த மனுஷன் ஸ்பானருக்கு ஏது ஆயுத பூஜை? என் வீட்டுக்காரர் வால்வில் இருந்த குங்குமத்தைத் துடைக்கப் போனார். விடவில்லை. பொட்டோடுதான் மாட்ட வேண்டும் என்று பக்கத்திலேயே நின்றேன்.

கிளம்பும்போதே மணி ஐந்து. முதல் சிவப்பு விளக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எஞ்சின் அணையவில்லை. இரண்டாவதிலும் அணையவில்லை. அவர் மீசையை முறுக்கினார். நான் மணியைப் பார்த்தேன். கிள்ளான் நெரிசலில் நிற்கும்போதே ஆறு அடித்துவிட்டது. "இத்தோட சரி" என்று அக்கா சொன்னது காதில் கேட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கேரி தீவுக்குள், செம்பனை மரங்களுக்கு நடுவே தோட்டத்துச் செம்மண் பாதையில் போகும்போது எதிரே ஒரு லோரி வந்தது. முன்னால் வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் பட்டை பட்டையாய்த் திருநீறு. ஒதுங்க இடமில்லை. இரண்டு வண்டியும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. ஓட்டிக்கொண்டு வந்தவர் அக்கா புருஷன் கன்னையா மாமா. பக்கத்து சீட்டில், பட்டுப்புடவையும் தலைநிறையப் பூவுமாய் அக்கா.

லோரியிலிருந்து முதுகைக் காட்டிக்கொண்டு, கால் எட்டாமல் தடவித் தடவி இறங்கினாள். நானும் இறங்கினேன்.

"எங்கக்கா கெளம்பிட்டே?"

"ஒன் வீட்டுக்குத்தான்டி. ஆறரை ஆச்சு, ஒன்னையக் காணோம். வரமாட்டேன்னு நெனச்சேன்."

மாமா லோரிக்குள்ளிருந்து தலையை நீட்டிக் கத்தினார். "பூஜைல வச்ச லோரி சாவிய எடுத்துக் கையில குடுத்து, 'செந்தூலுக்கு வுடு'ன்னு நிக்கிறா! நல்லம்மாவா இதுன்னு நானே பயந்துட்டேன்!"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய், என் வீட்டுக்காரரிடம் கார் பானெட்டைத் திறக்கச் சொன்னேன். கரியும் எண்ணெயுமாய் இருந்த எஞ்சினுக்கு நடுவே, குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு அது மட்டும் பளபளவென்று இருந்தது.

அக்கா அதையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீயுமா எடுத்தே?"

"ஆமாக்கா."

"எனக்காகவா?"

"பின்ன யாருக்காக?"

அவ்வளவுதான். செம்மண் புழுதியில் பட்டுப்புடவை புரள, இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம்.