பின் ஆக்ஸில் மஞ்சள்

மேசை இழுப்பறையில் கிடந்த பழைய பில்களையும் துருப்பிடித்த ஸ்க்ரூக்களையும் ஒதுக்கித் தள்ளியபோது நெயில் பாலிஷ் பாட்டில் கோபியின் கையில் தட்டுப்பட்டது. பளிச்சென்ற மஞ்சள். மூடியின் கழுத்தைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் இருந்தது. நகத்தால் அதைக் கிழிக்கப் போனவன் அப்படியே நின்றான். இது புதுசு. இதை இன்னும் யாரும் திறக்கவே இல்லை.

மண்ணூர்பேட்டையில், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போகிற வழியில் இருக்கும் கோபியின் ஷெட்டில் கரடுமுரடான மலைப்பாதைகளுக்காக ஜீப்புகளை உயர்த்திக் கட்டித் தருவார்கள். அந்த ஷெட்டுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. ஒரு நட்டை ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகி, உடம்பின் முழு பலத்தையும் கொடுத்து இறுக்கி முடித்த பிறகுதான் அதன் மேல் மஞ்சள் கோடு விழும். நட்டிலிருந்து பிளேட் வரைக்கும் ஒரே இழுப்பு. பின்னால் அந்தக் கோடு விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கோடு இல்லாத நட்டோடு எந்த வண்டியும் ஷெட்டை விட்டு இறங்காது. நெயில் பாலிஷ் என்றால் சின்ன பிரஷ்ஷும் கூடவே வந்துவிடுகிறது என்பதால் கோபி அதைப் பிடித்துக்கொண்டான். முதல் முறை வாங்கப் போனபோது ஃபேன்சி ஸ்டோர் பெண் அவனுடைய கிரீஸ் படிந்த விரல்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சிரித்தாள். அதிலிருந்து அவன் மனைவி சுரேகாதான் வாங்கி வருகிறாள்.

பழைய பாட்டில் கிருஷ்ணப்பிரியா மேடம் ஜீப்பின் முன் ஆக்ஸிலோடு தீர்ந்துபோனது. அது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கடைசி நட்டுக்கு பிரஷ்ஷை அடியில் விட்டுச் சுரண்டியிருந்தான். சுரேகாவிடம் வேறு வாங்கி வரச் சொன்னான். அவளும் வாங்கி வந்து இழுப்பறையில் போட்டிருக்கிறாள். போட்டது போட்டபடி கிடக்கிறது. அப்படியென்றால் பின் ஆக்ஸிலில் இருந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது?

இருந்தது. விஜயதசமி காலையில் டார்ச் அடித்து அவனே பார்த்தான். பின் ஆக்ஸிலை, வண்டியின் கனத்தைத் தாங்கும் கமான் பட்டையோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டுகளின் ஒவ்வொரு நட்டிலும் மஞ்சள் இருந்தது. பார்த்து, திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு, சக்கரத்தை மாட்டி ஜாக்கியை இறக்கினான்.

கோபி மெல்லத் திரும்பினான். சுவரோரம் நின்ற டிரில்லிங் மெஷினின் நெற்றியில் மூன்று விரல் மஞ்சள், நடுவில் குங்குமம். வைஸின் மேல் மஞ்சள். வெல்டிங் மெஷினில், காற்று கம்ப்ரஸரில், ஏன், பெருக்குமாற்றின் கட்டையில்கூட மஞ்சள். ஆயுத பூஜைக்கு சுரேகா வைத்தது.

பூஜை அன்று மத்தியானம் அவன் பின் ஆக்ஸிலுக்கு அடியில்தான் படுத்திருந்தான். யூ போல்ட்டுகளை மாட்டி, சின்ன ஸ்பேனரால் நட்டுகளை ஓரளவுக்குப் பிடித்து வைத்திருந்தான். பைப் போடுவதற்குள் சுரேகா வந்து, "எழுந்து வா மாமா, ஸ்பேனர்லாம் கழுவி சாமிகிட்ட வெக்கணும். நல்ல நேரம் பூடும்" என்று கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு போனாள். படையலில் வைத்த சாமானை மறுநாள் காலை வரைக்கும் தொடக் கூடாது. அவனும் விட்டுவிட்டான். ஜீப் சக்கரங்கள் இல்லாமல் ஸ்டாண்டில் உயரமாக நின்றிருந்தது. அதன் நட்டுகள் யார் கைக்கும் எட்டும். ஒவ்வொரு நட்டாகப் பார்த்துப் பார்த்து அவன் மஞ்சள் இழுப்பதை இத்தனை வருஷமாகக் கவனித்தவள், புருஷன் உயிராய்ப் பார்த்துக்கொள்ளும் இடம் இதுதான் என்று எண்ணி அங்கேயும் மஞ்சளைத் தொட்டு வைத்திருக்கிறாள். குங்குமம் வைக்க அதில் இடம் இல்லை. அது ஒன்று இருந்திருந்தால் போதும், அவனுக்குத் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலையில் அவன் பைப் போட்டானா?

போட்ட மாதிரியும் இருந்தது, போடாத மாதிரியும் இருந்தது. உள்ளங்கையில் பைப் அழுந்துவதும், நட்டு கடைசியாக முனகி நிற்பதும் துல்லியமாக ஞாபகம் வந்தது. ஆனால் அந்த ஞாபகம் எந்த வண்டியுடையது? இதுவரை கட்டிய அத்தனை வண்டிகளும் ஒன்றாகச் சேர்ந்து வந்து அவனைக் குழப்பின.

அந்த ஜீப் இப்போது ஊத்துக்கோட்டைக்கு அப்பால் ஏதோ ஒரு மலையில் ஏறிக்கொண்டிருக்கிறது. கிருஷ்ணப்பிரியா கரூர்க்காரி. மாங்காட்டில் ஒரு ஃபிளாட்டில் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். ஏலத்தில் எடுத்த பழைய ஜீப்பை ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து கூடவே நின்று கட்டவைத்தவள். இன்று குழுவாகப் போகும் முதல் பயணம். கூட வருவதாக இருந்த தோழி காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். "அக்கா, நீங்க வாங்களேன்" என்று நேற்று சுரேகாவைக் கூப்பிட்டாள். சுரேகா தயங்கினாள். சோறு யார் வடிப்பது, துணி யார் துவைப்பது என்று ஏதேதோ சொன்னாள். அவளைக் கிளப்பிவிட்டதே கோபிதான்.

"போய்ட்டு வா. நான் கட்ற வண்டி அங்க இன்னா பண்ணுதுன்னு நீயாவது பாரு."

அவன் சுரேகாவுக்குப் போன் போட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று அந்தப் பெண்குரல் பொறுமையாகச் சொன்னது. கிருஷ்ணப்பிரியாவுக்குப் போட்டான். அங்கேயும் அதே குரல், அதே பொறுமை. மூன்றாவது தடவை கேட்டபோது போனைச் சுவரில் அடிக்க வேண்டும்போல இருந்தது. ஷட்டரை இழுத்துப் பூட்டினான். ஸ்பேனரைப் பெட்டியில் போட்டு, பைப்பை பைக்கின் பக்கவாட்டில் கயிற்றால் கட்டிக்கொண்டு கிளம்பினான்.

ஆவடி வரைக்கும் வண்டிகள் நகரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு பேரும் எங்கே போகிறார்கள் என்று கோபிக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. பைப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்ததால் இடுக்கில் நுழையவும் முடியவில்லை. ஒரு ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "அண்ணாத்தே, யாரைக் குத்தறதுக்கு அத்த எட்த்துகினு போற?" என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் கோபி பதிலுக்கு நன்றாகக் கொடுத்திருப்பான். இன்று அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது போலத் தோன்றியது.

இந்தத் தொழிலில் என்ன கஷ்டம் என்றால் என்ன நடக்கும் என்பது தெரிந்திருப்பதுதான். தெரியாதவன் கடவுளே என்று போய்விடுவான். கோபிக்கு ஒவ்வொன்றும் வரிசையாகத் தெரிந்தது. யூ போல்ட் தளர்ந்தால் ஆக்ஸிலைப் பட்டையோடு பிடித்திருப்பது விரல் தடிமன் உள்ள ஒரு நடு ஆணி மட்டும்தான். சமதளத்தில் அது தாங்கும். தார் ரோட்டில் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் பாறையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கி, மறுபடி பொத்தென்று இறங்கும்போது அத்தனை கனமும் அந்த ஆணியின் மேல் விழும். ஆணி அறுந்தால் ஆக்ஸில் பின்னால் நகரும், பிரேக் குழாய் பிய்யும், வண்டி எந்தப் பக்கம் சரிவோ அந்தப் பக்கம் போகும். அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மட்டும் நினைக்க வேண்டாம் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான்.

திருவள்ளூர் தாண்டியபோது சுரேகா மேல் ஆத்திரமாக வந்தது. இவளை யார் நட்டுக்கெல்லாம் மஞ்சள் வைக்கச் சொன்னது? சாமி படத்துக்கு வைத்தால் போதாதா? கொஞ்ச தூரம் அந்த ஆத்திரம் அவனுக்குத் துணையாக வந்தது. பிறகு அதுவும் அவனை விட்டுப் போனது. மஞ்சளுக்கும் நெயில் பாலிஷுக்கும் வித்தியாசம் தெரியாமல் டார்ச் அடித்துப் பார்த்தவன் அவன்தானே. விரலால் ஒரு தடவை தொட்டிருந்தால் பொடியாக உதிர்ந்திருக்கும். அவன் தொடவில்லை. அன்றைக்கே வண்டியைத் தருகிறேன் என்று சொல்லியிருந்தான், அவசரம். மாங்காட்டு அம்மனை நினைத்து, சுரேகாவை மட்டும் முழுசாகக் கொடுத்துவிடு என்று வாய்விட்டே சொன்னான். ஹெல்மெட்டுக்குள் அவன் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது.

மலையடிவாரத்து டீக்கடையில் விசாரித்தான். "ஜீப்புங்களா? காலைலயே ஓடை வழியா ஏறிட்டாங்களே" என்றார் கடைக்காரர். ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பைக்கைக் கரையில் போட்டுவிட்டு, ஸ்பேனரைப் பாக்கெட்டில் செருகி, பைப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு டயர்த் தடங்களைப் பார்த்து ஏறினான். மூச்சு வாங்கியது. ஒவ்வொரு வளைவிலும் கவிழ்ந்து கிடக்கும் ஜீப் ஒன்றை அவன் கண்கள் முன்கூட்டியே பார்த்தன. வளைவு திரும்பினால் வெறும் பாறைகள்தான் இருந்தன. அதில் அவனுக்கு நிம்மதி வரவில்லை, அடுத்த வளைவு இருந்தது.

எஞ்சின் சத்தம்தான் முதலில் கேட்டது. அவன் கட்டிய எஞ்சின், அதன் இருமல் அவனுக்குத் தெரியும். புதரை விலக்கினான்.

ஆள் உயரப் பாறை ஒன்றின் மேலிருந்து ஜீப் இறங்கிக்கொண்டிருந்தது. முன்சக்கரங்கள் கீழே மணலைத் தொட்டிருந்தன. இடது பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. கிருஷ்ணப்பிரியா வண்டிக்கு எதிரே கீழே நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தி மெல்ல, மெல்ல என்று சைகை காட்டிக்கொண்டிருந்தாள். அவள் கீழே நிற்கிறாள் என்றால் ஸ்டியரிங்கில் யார்?

சுரேகா. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு. ஷெட்டுக்குள் வண்டிகளை முன்னும் பின்னும் நகர்த்திக் கற்றுக்கொண்ட ஓட்டம். அந்த ஓட்டத்தை நம்பி அவளைப் பாறை மேல் ஏற்றியிருக்கிறார்கள்.

கத்துவதற்கு வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. இப்போது கத்தினால் அவள் திடுக்கிடுவாள். திடுக்கிட்டால் பிரேக்கிலிருந்து கால் எகிறும். அந்தரத்தில் தொங்கும் சக்கரம் ஒரே அடியாகக் கீழே விழும். அவன் கையில் பைப் இருந்தது, பாக்கெட்டில் ஸ்பேனர் இருந்தது, இரண்டும் இந்த நேரத்துக்கு உதவாது. மூச்சு விடுகிற சத்தம்கூட அவளுக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்து புதருக்குப் பக்கத்தில் நின்றான். வாழ்க்கையில் எதற்கும் இப்படிச் சும்மா நின்றதில்லை அவன்.

"அப்படியே வாங்கக்கா. பிரேக்க விடாதீங்க. அவ்வளவுதான்" என்றாள் கிருஷ்ணப்பிரியா.

ஜீப் ஒரு விரல்கடை இறங்கியது. நின்றது. இன்னொரு விரல்கடை. தொங்கிய சக்கரம் பாறை விளிம்பைத் தொட்டபோது 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கிருஷ்ணப்பிரியாவுக்கு அது கேட்டிருக்காது, கேட்டாலும் கல்லின் சத்தம் என்று நினைத்திருப்பாள். கோபிக்கு அது கல் இல்லை என்று தெரியும். இரும்பின் மேல் இரும்பு. அடுத்த பக்கமும் ஒரு 'டொக்'. அவன் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது ஜீப் நான்கு சக்கரமும் மணலில் ஊன்ற நின்றிருந்தது. எஞ்சின் அணைந்தது.

அவன் புதரை விட்டு வெளியே வந்தான். அவனை முதலில் பார்த்தது சுரேகாதான். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைக் கல்யாணம் ஆன புதிதில்கூட அவன் பார்த்ததில்லை.

"இன்னா மாமா, நீ எங்க இங்க? நான் ஓட்னத பாத்தியா?"

"பாத்தேன்."

"அண்ணா, அக்கா ரொம்ப நல்லா ஓட்டுறாங்க. மத்தவங்க எல்லாம் மேல காத்துக்கிட்டிருக்காங்க. நாங்க இந்த ஒரு பாறையை மட்டும் திரும்பத் திரும்ப ஏறி இறங்கிட்டிருக்கோம்" என்றாள் கிருஷ்ணப்பிரியா. பிறகு அவன் தோளில் இருந்த பைப்பைப் பார்த்தாள். "என்னண்ணா, ஏதாவது பிரச்சனையா?"

"சும்மா தான் மேடம். கீய ஒரு தபா பாத்துக்கிறேன்."

திரும்பத் திரும்ப என்று அவள் சொன்னது அவன் காதிலேயே நின்றது. மணலில் மல்லாந்து படுத்து ஜீப்புக்கு அடியில் முதுகைத் தேய்த்து நகர்ந்தான். ஓடைத் தண்ணீர் எல்லாவற்றையும் கழுவிவிட்டிருந்தது. மஞ்சள் இருந்த அடையாளமே இல்லை. நட்டுகள் ஈரமாக, வெறும் இரும்பாக இருந்தன. பாக்கெட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்தான். அதைப் போடுவதற்கு முன்னால் தன்னை அறியாமல் முதல் நட்டின் மேல் இரண்டு விரல்களை வைத்தான்.

சக்கரத்துக்குப் பக்கத்தில் சுரேகாவின் பாதங்கள் வந்து நின்றன. மெட்டியில் ஈர மணல் ஒட்டியிருந்தது. அவள் குனிந்து, தலைகீழாக அவனைப் பார்த்தாள்.

"நான் வெச்ச மஞ்சா கீதா மாமா? அல்லாத்துக்கும் வெச்சேன், ஒண்ணு உடல."

"கீது" என்றான்.

"அப்பறம் இன்னா, சீக்கிரம் வா. மேல இத்த விட பெர்சு ஒண்ணு கீதாம். அத்தயும் நானே எறக்கறேன்னு சொல்லிகீறேன்."

ஸ்பேனர் அவன் மார்பின் மேல் கிடந்தது. விரல்களுக்கிடையில் நட்டு சுற்றியது. ஒரு முழுச் சுற்று. இன்னொன்று. எங்கும் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.