செவலையின் காது

மண்சரிவில் எங்கள் செவலைப் பசு செத்தபோது நானும் என் பெண்சாதி காளியாயியும் ஒரு முட்டாள்தனம் செய்தோம். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்துவிட்டோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாட்டில், சிங்களக் கிராமத்தில், இருக்கிறவர்கள் விவரமானவர்கள். செத்த எருமைகளின் காதை முதலில் அறுத்து வைத்துக்கொண்டார்கள். காதைக் காட்டினால் அரசாங்கம் உதவிப்பணம் தரும் என்று ஊர்த்தலைவர் ஆராச்சி அங்கே வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். லயத்துக்கு யார் வந்து சொல்வது?

விஷயம் தெரிந்ததும் ஆராச்சியிடம் ஓடினேன். "தோட்டத்து ஆளா? தொரைகிட்ட போ" என்றார். தோட்டத்துத் துரையை எங்கே பார்க்க விட்டார்கள்? ஆபீஸ் வாசலிலேயே கிளாக்கர் மறித்துக்கொண்டார்.

"மாடு தோட்டத்துச் சொத்தா சோலைமலை?"

"இல்லீங்கய்யா. எங்க மாடு."

"அப்ப கவர்மென்டப் போய்க் கேளு."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். எனக்கு வாய்த்ததெல்லாம் பூசாரிகள்தான். சாமி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட ஒருவனும் சொல்லவில்லை.

விட்டுத்தொலைக்கவும் முடியவில்லை. எங்கள் மகள் பூரணி அட்டனில் தங்கிப் படிப்பது செவலையின் பால் காசில். இன்னொரு மாடு வாங்காவிட்டால் அவளும் தலையில் கயிறு போட்டுக் கூடை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போக வேண்டியதுதான்.

நோர்வூட் கடைவீதியில் உதவிப்பணம் கொடுக்க மேசை போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரியிடம் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தேன். சிங்களத்தில் கேட்டார். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"காது எங்கே?"

"புதைத்துவிட்டோம் மாத்தயா."

"காது இல்லாமல் நான் எதை நம்புவது?"

ஒரு லயமே கூடி நின்று அழுததை நம்பலாம். அதை அவரிடம் சொல்லி என்ன பயன்?

வீட்டுக்கு வந்து, தோண்டிக் காதை எடுக்கலாம் என்று சொன்னதும் காளியாயி என்மேல் பாய்ந்தாள். "பொதச்ச லெச்சுமியத் தோண்டுனா குடும்பம் வெளங்குமா? ஒங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"எனக்கா கெட்டுச்சு? கேட்டவன்கிட்ட போய்ச் சொல்லு!" என்று நானும் கத்தினேன்.

அன்று இருவரும் சாப்பிடவில்லை. விடிந்ததும் பார்த்தால் மண்வெட்டி அவள் கையில் இருந்தது. "பூரணிக்காகத்தான்" என்றாள். நான் வாங்கித் தோண்டினேன். நாற்றம் லயம் வரைக்கும் அடித்தது. அவள் சேலைத் தலைப்பால் மூக்கை மூடாமல் பக்கத்திலேயே நின்றாள். செவலையின் நெற்றியில் மஞ்சள் அப்படியே இருந்தது. காதை அறுத்தேன். இந்த அரசாங்கம் நாசமாய்ப் போக என்று வாய்விட்டே திட்டினேன்.

காதை வாழையிலையில் சுற்றி இருவருமாகக் கொண்டுபோனோம். அதிகாரி மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். தலையாட்டினார். எனக்கு உயிர் வந்தது.

"பசு எங்கே வாங்கியது?"

"வாங்கவில்லை மாத்தயா. தோட்டத்திலேயே பிறந்தது."

எழுதிக்கொண்டார். "சரி, உன் பிரஜாவுரிமைப் பத்திரம்?"

"மனுப் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இது இந்த நாட்டுப் பிரஜைகளுக்குக் கொடுக்கிற பணம்."

"நானும் அந்தத் தோட்டத்தில்தான் பிறந்தேன். அதே லயத்தில்."

"எனக்குப் புரிகிறது. சட்டம் அப்படி" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தையாவது கேட்டுவிட்டு வந்திருப்பேன்.

காளியாயிக்குச் சிங்களம் அரைகுறை. ஆனால் அவர் பேனாவை வைத்தது அவளுக்குப் புரிந்துவிட்டது. மேசையில் கிடந்த காதை எடுத்து இலையில் சுற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வெளியே வந்ததும், "வா, குழியில வச்சி மூடிட்டு வந்துருவம்" என்றேன்.

"மூடலாம். மொதல்ல கடைக்கு வாங்க" என்றாள். "பூரணிக்குக் கூடைக்கயிறு வாங்கணும்."